சூடானால் திணறும் எஞ்சினும் ஆறிய பின் பார்க்கும் வைத்தியமும்

மலையக வீதியோரக் கராஜ்களில் ஒரு வழக்கம் வேரோடி நிற்கிறது. எஞ்சின் சூடேறியதும் திணறுகிறது என்று வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், பாஸ் முதலில் சொல்வது "ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான். காய்ச்சல்காரனை வைத்தியசாலை வாசலில் உட்காரவைத்து, காய்ச்சல் தணிந்த பின் உள்ளே அழைத்து, "உடம்பு குளிர்ந்துதானே இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதே என்பது நியாயமான எச்சரிக்கை. எஞ்சினையே சூட்டில் பார்க்காதே என்பது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

என் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. என்னிடம் 1098 சி.சி. எஞ்சின் பூட்டிய பழைய மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. கொழும்பில் ஒரு கராஜில் எஞ்சினை இறக்கிப் பிரித்து, போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வ் சீட் வெட்டிப் புதிதாகக் கட்டித் தந்தார்கள். முதல் ஐந்நூறு மைலுக்கு ஒரு குறையும் இல்லை. அதன்பின் வழக்கப்படி அங்கேயே ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினார்கள். அதற்குப் பிறகு காலையில் ஒரே திருப்பில் உயிர்பெறும் கார், சூடேறியதும் இழுவை குறைந்து, நிறுத்தத்தில் நடுங்கி அணைந்துபோகத் தொடங்கியது. அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும்.

மூன்று கராஜ்கள், மூன்று தீர்ப்புகள். முதலாவது கொயில் என்றது. இரண்டாவது காபரேட்டரைக் கழற்றியது. மூன்றாவது பெற்றோல் பம்பை மாற்றியது. எல்லாம் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாகங்கள். அவற்றில் ஒன்றும் பழுதில்லை, அவை இடம்பிடித்த பழைய பாகங்களிலும் பழுதில்லை. இந்தச் சந்தேகங்கள் அபத்தமானவை என்று நான் சொல்லமாட்டேன். கொயிலின் சுற்றுகளும் கண்டென்சரும் சூட்டில் கைவிடுவது உண்மை. எஞ்சினை ஒட்டியிருக்கும் பம்பில் பெற்றோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்மை. பம்பின் மேல் ஈரத்துணி போர்த்தி மலையேறிய பழைய சாரதிகளுக்கு அது தெரியும். ஆனால் சந்தேகம் வேறு, சோதனை வேறு. கார் திணறும் அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி வருகிறதா, பம்பில் பெற்றோல் வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை முதன்முதலில் நான் கேட்டது பொல்பிட்டியவில். 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் நாடறிந்த ஊர் அது. கித்துல்கலை தாண்டி லக்சபான பக்கம் ஏறும் வழியில், அங்கே கார் இருமிக்கொண்டு நின்றுவிடப் பார்த்தது. வீதியோரத்தில் கொட்டகை வைத்திருக்கும் அறுபது தாண்டிய ஒருவர் எழுந்து வந்து, "நிப்பாட்டாதீங்க ஐயா, ஓடட்டும்" என்றார். ஹெட்டை இறுக்கிய பிறகுதான் தொல்லை என்றதும் தலையாட்டினார்.

பிறகு அவர் செய்ததை வாசகர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக, தோல் கையுறை போட்டுக்கொண்டு, கழற்றினார். இரண்டைக் கழற்றியபோது எஞ்சின் தள்ளாடியது. மற்ற இரண்டைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த இரண்டிலும் பொறி நீலமாகவே இருந்தது. ஆகவே கொயில் குற்றவாளி இல்லை. சூடு ஆறுமுன் நான்கு பிளக்குகளையும் எடுத்துக் கம்பிரஷன் அளந்தார். இரண்டு சிலிண்டர்களில் முள் 150க்குப் பக்கத்தில் நின்றது; மற்ற இரண்டில் 100ஐத் தொடவில்லை. தேநீர் குடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளந்தபோது நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தன. நோயும் அதன் காரணமும் அந்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் இருந்தன.

இந்த எஞ்சினில் வால்வ் இடைவெளி ஆறிய நிலையில் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்கவேண்டும். அந்த இரண்டு சிலிண்டர்களின் புகைபோக்கி வால்வுகளில் 4 பங்குத் தகடே நுழைய மறுத்தது. ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கட் நசுங்கி, ரொக்கர்கள் சற்றே கீழிறங்கும். புஷ்றொட் அதே நீளத்தில் இருப்பதால் இடைவெளி சுருங்கும். ஆகவே ஹெட்டை இறுக்கியவர் டெப்பட்டையும் திருத்தியே ஆகவேண்டும். திருத்தவில்லை. சூட்டில் வால்வ் நீண்டதும் இருந்த கொஞ்ச இடைவெளியும் போய், வால்வ் சீட்டில் முழுதாக உட்காராமல் அழுத்தம் கசிந்தது. இன்னும் சில நூறு மைல் ஓடியிருந்தால் வால்வ் கருகியிருக்கும். டெப்பட்டைத் திருத்தினார், ஒரு பாகமும் மாற்றவில்லை.

2002இல் இந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. நுரையீரலுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது நல்ல காரியம். ஆனால் பழைய இரும்பு ஹெட்களில் வால்வ் சீட்டுக்குக் கவசமாயிருந்தது அந்த ஈயம்தான். அது போனபின் சீட் மெல்லத் தேய்ந்து உள்வாங்கும், இடைவெளி தானாகவே குறையும். டெப்பட் பார்க்கும் வழக்கம் அதிகமாக வேண்டிய காலத்தில்தான் அது அருகிப்போயிருக்கிறது.

நம் பாஸ்மாருக்குக் கைத்திறன் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து உண்டாக்கியவர்கள் அவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை நாட்டின் பழைய எஞ்சின்களை ஓடவைத்ததும் அதே கைகள்தான். குறை கையில் இல்லை, அளவுகோலில். தோட்டத்து லயத்திலிருந்து பதினாறு வயதில் கோலயாவாகச் சேரும் பையன் எதைக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று கற்கிறான். ஏன் என்று கேட்டால் தலையில் குட்டு விழுகிறது. தமிழில் அவன் கையில் கொடுக்கத்தக்க ஒரு நல்ல எஞ்சின் சோதனைக் கைநூல் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. மேடைதோறும் மலையக இளைஞரின் எதிர்காலம் பேசும் அரசியல்வாதிகள், அப்படி ஒரு நூலை அச்சடித்துக் கொடுத்தால் அந்த எதிர்காலம் கொஞ்சம் முன்கூட்டியே வரும்.

நம்மையும் விட்டுவிட முடியாது. புதிய பம்பைக் கண்ணால் கண்டால் காசை எண்ணிக் கொடுக்கிறோம். அரைநாள் அளந்து, யோசித்து, ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பியவரிடம் "இதுக்கா இவ்வளவு?" என்கிறோம். பிறகு பாகம் மாற்றாமல் அவர் எப்படிப் பிழைப்பார்? பாகம் விற்றால் கடையிலிருந்து கழிவும் கிடைக்கும். அளவெடுத்தால் வசைதான் கிடைக்கும்.

இது பழைய கார் வைத்திருக்கும் ஒரு பத்திரிகைக்காரனின் புலம்பல் என்று சிலர் நினைக்கலாம். ஹட்டன் பக்கத்து ஏற்றங்களில் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பழைய வான்களின் எஞ்சின்களும் இதே கைகளில்தான் கட்டப்படுகின்றன. வளைவில் எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட உதவியும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். அப்புறம் சாரதியின் கால் பலமும் கைப்பிரேக்கும்தான் மிச்சம்.

ஆகவே எஞ்சினைக் கட்டித் தருகிறவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஆறிய நிலையிலும் சூட்டிலும் நான்கு சிலிண்டரின் கம்பிரஷன், எட்டு வால்வின் இடைவெளி, அளந்த திகதி, எல்லாம் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால். அதற்கென்று தனிக்கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். கேஜ் இல்லை என்று பாஸ் சொன்னால், எனக்கு வீணாக மாற்றிய மூன்று பாகங்களின் விலையில் அதை வாங்கியிருக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.