சனிக்கிழமைக் கூலி

"சைட் ஆட்களையும் ஆபீஸ் ஆட்களையும் நாங்கள் சமமாகத்தான் நடத்துகிறோம்" என்று நம் திண்டுக்கல் காண்ட்ராக்டர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி, ஆயுத பூஜைக்கு ஒரே பந்தியில் சாப்பாடு. நல்லது. ஆனால் பில் பணம் தாமதமானால் முதலில் யாருடைய சம்பளம் நிற்கிறது? அதைச் சொல்லுங்கள், சமத்துவத்தைப் பிறகு பேசுவோம்.

ஓய்வு பெற்றபின் இரண்டு வருடம் ஒரு காண்ட்ராக்டர் ஆபீஸில் கணக்கு எழுதினேன். பெயர் எதற்கு? வேடசந்தூர் முதல் வத்தலக்குண்டு வரை சிறுபாலம், பள்ளிக் கட்டடம் என்று வேலை. ஆபீஸில் ஆறு பேர். ஐந்தாம் தேதி சம்பளம் தவறாது. சைட்டில் நாற்பது பேர். அவர்களுக்குச் சனிக்கிழமைப் பட்டுவாடா. பில் பாஸாகாத வாரத்தில் மேஸ்திரி கையில் "செலவுக்கு" என்று ஏதோ கொடுத்தனுப்புவார்கள். கொத்தனாருக்குப் பாதிக் கூலி, சித்தாளுக்கு அதுவும் இல்லை. "பாக்கி நிற்கிறவரை ஆள் வேறு இடத்துக்குப் போகமாட்டான் சார்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

தாமதத்துக்கு அரசாங்கத்தைக் கைகாட்டுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மேஜையில் பில் பார்த்தவன் நான்; பாதிப் பழி நியாயமே. மீதிப் பாதி காண்ட்ராக்டர் ஆபீஸில் இருக்கிறது. ஜே.இ.யைக் கூப்பிட்டு வந்து அளவை எம்-புக்கில் ஏற்றச் செய்ய வேண்டியவர், கான்கிரீட் டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைக்க வேண்டியவர், ஒர்க் ஆர்டரில் உள்ளபடி வேலையின் பெயரை எழுத வேண்டியவர், எல்லோரும் ஃபேனுக்குக் கீழே இருப்பவர்கள். ஒரு காகிதம் குறைந்து பில் திரும்பினால் பதினைந்து நாள் போயிற்று. காகிதத்தை விட்டவருக்கு ஐந்தாம் தேதி சம்பளம் வந்துவிடும். வெயிலில் ஜல்லி சுமந்த சித்தாள் மளிகைக் கடையில் கடன் சொல்வாள். அநியாயம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

"ஆபீஸ் ஆள் போனால் கிடைக்கமாட்டார்" என்பது அடுத்த சமாதானம். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பத் தெரிந்த கொத்தனார் மட்டும் கிடைக்கிறாரா? அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். பீகாரிலிருந்து ஆள் இறக்குகிறீர்களே, எதனால்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதம் 7-ஆம் தேதிவரை அவகாசம் மாதச் சம்பளக்காரருக்குத்தான். நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். அதே சமயம், அரசாங்கத்தையும் சும்மா விட மனமில்லை. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தும். புதிய தொகுப்பு அதை 50 ஆக்கிவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தின் நாற்பது பேரும் இதோடு வெளியே.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில் 1848 புரட்சி எங்களுக்குப் பாடம். அந்த வருடம் மார்ச் 2-ஆம் தேதி பாரிஸில் ஓர் ஆணை போட்டார்கள்: வேலை நேரத்தில் ஒரு மணி குறைப்பு, கூடவே "மர்ஷாந்தாஜ்" ஒழிப்பு. இடையில் ஒருவர் வேலையைக் குத்தகைக்கு எடுத்து, ஆட்களின் கூலியிலிருந்தே தன் லாபத்தைக் கறப்பதற்கு அந்தப் பெயர். வாத்தியார் தமிழில் அர்த்தம் சொல்லத் திணறினார். அவரைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்திருந்தால் நேரிலேயே காட்டியிருப்பேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சைட் கூலி பாக்கியில்லாமல் தீர்ந்த பிறகே ஆபீஸ் சம்பளம் போடுங்கள். ஒரே மாதம் செய்து பாருங்கள், விட்டுப்போன டெஸ்ட் ரிப்போர்ட் எத்தனை வேகமாக வருகிறதென்று தெரியும். கிளார்க்குகளுக்குக் கோபம் வரும். வரட்டும், நானும் கிளார்க்குதான்.

இன்னொன்று. ஒவ்வொரு பில்லிலும் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென்று 1 சதவீதம் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கான வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 1996-ல்தான். அந்தப் பணத்தில் பயன் கிடைக்க ஆள் பதிவு செய்திருக்க வேண்டும், வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு இரண்டு நிமிடம் ஆகுமா? நான் பார்த்த நாற்பது பேரில் அட்டை வைத்திருந்தவர்கள் ஏழு பேர்.