எந்த கேம் என்று கேட்டோமா?



போன தவணையில் ஒன்பதாம் தர மாணவன் ஒருவனின் பையிலிருந்து பழைய கேம்பாய் கலர் ஒன்றைப் பறித்தெடுத்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்ததாம். "படிக்கிற வயசில கேமா?" என்று ஏசினோம். வாப்பாவை வரச் சொன்னோம். ஒரு கிழமை அது அலுமாரியில் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

இருந்தது 'மரியோ கோல்ஃப்'. ஜப்பானின் கேம்லாட் நிறுவனம் உருவாக்கி, நின்டெண்டோ 1999இல் வெளியிட்டது. பெயரில் மரியோ இருந்தாலும் கதையில் விளையாடுவது ஒரு புதுமுகம். நான்கு பேரில் ஒருவரைத் தெரிவுசெய்து, கழகம் கழகமாகப் போய்ப் போட்டிகளை வென்று, கடைசியில்தான் மரியோவை எதிர்க்கலாம். காற்று எந்தப் பக்கம், பந்து புல்லிலா மணலிலா, எந்த மட்டை என்று யோசித்து அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பந்து தண்ணீருக்குள். அங்குள்ளவர்களோடு கதைத்துத்தான் நுணுக்கங்களை அறிய வேண்டும், அவ்வளவும் ஆங்கிலம். எங்கள் பாடவேளையில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னால் தலை குனியும் அதே பிள்ளை, அதையெல்லாம் தானாக வாசித்திருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. விளையாட விளையாட அனுபவப் புள்ளி சேர்ந்து ஆட்டக்காரரின் தரம் உயரும். அப்போது தூரத்தைக் கூட்டுவதா, கட்டுப்பாட்டைக் கூட்டுவதா என்று பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் மற்றத் திறமைகள் அடிபடும். பந்து தூரம் போகும், போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நாங்கள் பிள்ளைகளுக்குச் செய்வதும் இதுதானே? பரீட்சைப் புள்ளி ஒன்றையே கூட்டச் சொல்கிறோம். பொறுமை, பேச்சு, பழக்கம் எதைப் பற்றியும் கேட்பதில்லை. பிறகு "பிள்ளை சொல் கேட்கிறானில்லை" என்று புலம்புகிறோம்.

"எல்லா கேமும் ஒன்றுதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றல்ல. இந்த கெசட்டை ஒருமுறை வாங்கினால் முழு விளையாட்டும் அதற்குள் இருக்கிறது. தோற்றால் திரும்ப முயல வேண்டும், வேறு வழியில்லை. இன்று போனில் இலவசமாக வரும் பல கேம்கள் அப்படியா? தோற்றவனிடம் காசு கேட்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசுக்கு விற்கின்றன. அந்தப் போனை அழுகிற பிள்ளையின் கையில் திணித்தது யார்? நாங்கள்தான். அதைக் கொடுத்துவிட்டு, இதைப் பறிக்கிறோம்.

வகுப்பில் விளையாடுவது பிழைதான். இரவிரவாக விளையாடுவதும் பிழைதான். நேரம் குறித்துக் கொடுப்பது எங்கள் கடமை. ஆனால் எது என்று பாராமல் தண்டிப்பது கண்டிப்பல்ல, சோம்பல்.

அவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். "பார்க்காம ஏசிட்டோம் மகன்" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கெசட் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான். எங்கள் மீது அவனுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

இன்றிரவு பிள்ளையிடமிருந்து போனைப் பறிக்கும் முன் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். என்ன விளையாடுகிறாய் என்று கேளுங்கள். பிறகு ஏசுவதா விடுவதா என்று முடிவெடுப்போம்.