ரப்பர் மறக்காது

அமெரிக்காவில் இரண்டு கார் நிறுத்தும் கராஜின் கதவு வழக்கமாக 16 அடி அகலம். கதவு இறங்கியதும் தரையோடு படிந்து மழைத் தண்ணீரையும் எலியையும் வெளியே நிறுத்துவது, அடியில் ஓடும் ஒரு ரப்பர் பீடிங். விலை அதிகமில்லை. ஆனால் 16 அடிக்கும் ஒரே துண்டு. வம்பே அதில்தான்.

கப்பலில் நீட்டி அனுப்பினால் பெட்டியே ஐந்து மீட்டர் நீளும், அதனால் சுருட்டுகிறார்கள். தளர்வாகச் சுருட்டினால் பாதகமில்லை. வாங்கியவர் சற்று நேரம் வெயிலில் நீட்டிப் போட்டால் நேராகிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாலாக மடித்து, டேப் போட்டு இறுக்கி, மேலே இரும்பு ஸ்பிரிங் பெட்டியையும் அடுக்கினால் கதை வேறு. மடிப்பு விழுந்த இடம், கதவில் மாட்டிய பிறகும் தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும்.

நசுங்கிய ரப்பர் எவ்வளவு எழும்பும் என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. துண்டைக் கால் பங்கு நசுக்கி, சூட்டில் மணிக்கணக்காக வைத்து, விடுவித்து, திரும்பாமல் போனதை அளப்பார்கள். துறைமுக வெயிலில் கிடக்கும் கன்டெய்னருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அடித்தட்டுப் பெட்டிக்கு அதே சோதனைதான், யாரும் கேட்காமலே, வாரக்கணக்கில்!

கோடவுனுக்கு வந்த பிறகு எதிரி மாறுகிறது. ரப்பர் சரக்கைச் சேமிக்க ஐஎஸ்ஓ 2230 என்றொரு சர்வதேசத் தரக்குறிப்பு இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் போகாத இருட்டு அறை வேண்டும். ஓசோனைக் கிளப்பும் மின் மோட்டார் பக்கத்தில் கூடாது என்கிறது அது. இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரில் ஓசோன் பட்டால் குறுக்கே வெடிப்பு விழும். வளையங்களை ஆணியில் தொங்கவிடாதே என்பதும் அதில் உண்டு. நம் சமையலறைகளில் உபரி குக்கர் கேஸ்கட் எங்கே தொங்குகிறது என்று கேட்க வேண்டாம்.

கராஜ் பீடிங்குக்குப் பரவலாகப் பயன்படுவது இபிடிஎம் ரப்பர். ஓசோன் அதை அசைக்காது. அந்தத் தரக்குறிப்பு இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டு சேமிப்பு ஆயுள் சொல்கிறது, இதற்கு 10. இதன் பெரிய பலவீனம்: பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். கதவுக் கீலுக்கான கிரீஸ் டியூபையும் பீடிங்கையும் ஒரே அட்டைப்பெட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி லேசாகக் கசிந்தாலே அந்தச் சுருளில் பட்ட இடம் வீண்.