கணக்கெடுப்பில் நாம் என்ன எழுதுவது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு அறிவித்தது. எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளிவந்தது 1931 கணக்கெடுப்பில்தான். "ஹஜ்ரத், இஸ்லாத்தில் சாதி இல்லையே, நாம் என்ன எழுதுவது?" என்று ஜுமுஆ முடிந்ததும் கேட்கிறார்கள்.

ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் ராவுத்தர், அதிராம்பட்டினத்தில் மரைக்காயர், தஞ்சை நகரில் உருது பேசும் தக்கனி. குதிரை, கப்பல், மொழி என நம் முன்னோர் வாழ்ந்த விதத்தைச் சொல்லும் பெயர்கள் இவை. கோத்திரங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே. மேன்மை இறையச்சத்தில்தான் என்பதை அல்ஹுஜுராத் 13-ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

ஆகவே பிரிவை எழுதுவது மார்க்கத்துக்கு முரணல்ல. 2007-இல் வந்த 3.5 சதவீத இடஒதுக்கீடு லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, அன்சார், மாப்பிள்ளை, துதேகுலா, ஷேக், சையது என்ற 7 பிரிவுகளுக்கானது. வெறும் 'முஸ்லிம்' என்று எழுதிவிட்டால் அந்தப் பிரிவின் எண்ணிக்கைதான் குறையும். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையே எழுதுவோம்.

நம்மை உறுத்துவது வேறு. இஸ்லாத்தைத் தழுவியவர் தம் பழைய சாதியின் சலுகையைக் கோர முடியாது என்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புகளிலிருந்து வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதும்படி 2024 மார்ச்சில் தமிழக அரசு ஆணையிட்டது. அரசு அவர்களுக்கு ஓர் இடம் தந்தது. நாமோ ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், சம்பந்தம் பேசும்போது மட்டும் "பூர்வீகம் எது?" என்கிறோம்.

படிவத்தில் பிரிவை எழுதுவோம். நிகாஹ் பேச்சில் அதைக் கேட்காதிருப்போம்.