விமானச் செலவும் விமானிகளின் பிழைப்பும்

ஆகாய விமானக் கம்பெனி ஒன்று நஷ்டமடையின், முதலிற் குறைக்கத்தக்கது விமானிகளின் சம்பளமே என்று கூறுவாரைப் பலகாலும் கேட்கின்றோம். பெருஞ்சம்பளம் பெறுவோர் சிறிது விட்டுக்கொடுத்தால் என்ன என்பது அவர் வாதம். கணக்கை எடுத்துப் பார்ப்பார்க்கு இது நியாயமாகத் தோன்றாதென்பதே நமது அபிப்பிராயம்.

நம் நாட்டில் விமானம் நடத்துவோர்க்குத் தலையாய செலவு எரியெண்ணெய். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அதுவே விழுங்கிவிடுகின்றது. அதன்மேல் மாநில அரசினர் வெவ்வேறு விகிதத்தில் விற்பனை வரி விதிக்கின்றனர். 2017-இல் ஏற்பட்ட சரக்கு சேவை வரித் திட்டத்தில் இவ்வெண்ணெய் சேர்க்கப்பட்டிலது. அடுத்தது வாடகை. நம்மவர் ஓட்டும் விமானங்களிற் பெரும்பாலன வெளிநாட்டாரிடம் வாடகைக்குப் பெற்றவை. வாடகை கொடுப்பது டாலரில். டிக்கெட்டு வரும்படியோ பெரும்பாலும் ரூபாயில். எண்ணெய் விலை ஏறினும், ரூபாயின் மதிப்பு இறங்கினும், அதற்கு விமானி செய்யக்கூடியது யாது?

1993-இற் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் கம்பெனி 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு ஓய்ந்தது. அதன் விமானிகள் அதற்கு முன்னரே மாதக்கணக்காய்ச் சம்பளமின்றி விமானம் ஓட்டினர். பின்னே நூற்றுக்கணக்கான உயிர்களும், மனத்தே வீட்டுக் கடனும்! 2012-இல் கிங்ஃபிஷர் நின்றபோதும் சம்பள பாக்கியே பேச்சாயிருந்தது. 2023-இல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் நிர்வாகிகள் காட்டிய காரணம் அமெரிக்க எஞ்ஜின்களின் பழுதேயன்றி விமானிகளின் ஊதியமன்று.

விமானியின் தொழிலில் வெளியார் அறியாத சிக்கலொன்றுண்டு. ஒருவகை விமானத்துக்குப் பெற்ற அனுமதி மற்றொரு வகைக்குச் செல்லாது. ஜெட் கம்பெனியாரிடம் மிகுதியாயிருந்தது போயிங் 737. இண்டிகோவினரிடம் மிகுதியாயிருப்பது ஏர்பஸ் 320. ஆகவே இருபதாண்டு பறந்தவரும் மீண்டும் மாணாக்கராய் அமர்தல் வேண்டும். தமிழாசிரியர் ஒருவர் வேறு கல்லூரிக்குச் சென்றால் அங்கும் அதே நன்னூலைப் பாடஞ் சொல்லலாம். விமானிக்கு அந்த வசதியில்லை. காலந்தோறும் நடக்கும் உடற்பரீட்சையில் தவறினாலோ, கற்ற வித்தை முழுதும் கைக்குதவாது போம்.

இனி, 2017-இல் அரசாங்கத்தார் செய்த விதியைப் பார்ப்போம். தலைமை விமானி வேலையை விடவேண்டின் ஓராண்டும், துணை விமானி ஆறு திங்களும் முன்னறிவிப்புத் தரல் வேண்டும் என்றனர். திடீரென விலகினாற் பிரயாணிகளுக்கு இடையூறு நேரும் என்பது காரணம். நல்ல காரணமே; நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் ஜெட் விமானிகளுக்கு ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தார் யார்? பணங்கொடுத்துக் காத்திருந்த பிரயாணிகளுக்கு ஒரு வாரமேனும் கொடுத்தாருண்டோ?

பறக்க அனுமதி கேட்கும் ஒவ்வொரு கம்பெனியும் ஊழியர் அனைவருக்கும் ஆறு மாதச் சம்பளத்தைத் தன் கைக்கெட்டாத வைப்பு நிதியாகக் கட்டிவைத்தல் வேண்டும் என்போம். விமானிக்குக் கேட்பதை விமானத்தைத் துடைப்பவர்க்கும் கேட்கின்றோம்; அவர்தம் கையிருப்பு இன்னும் சிறிது. இதனால் டிக்கெட்டு விலை ஏறுமே என்பாருளர். ஏறட்டும். மலிவு டிக்கெட்டின் குறையை இதுவரை சம்பளம் பெறாதவர்களே கட்டி வந்திருக்கின்றனர்.