நாலு முழத் தோட்டம்

குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கே போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். கிணறும் தென்னையும் முருங்கையும் இருந்த தனி வீடு ஒன்று இடிபட்டுக் கிடக்கும். அடுத்த வருஷம் அதே மனையில் மூன்று மாடிக் கட்டிடம் எழும்பியிருக்கும். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பங்கள் குடித்தனம் செய்யும். இதைக் குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம். ஜனங்கள் பெருகினால் வீடுகளும் பெருகத்தானே வேண்டும்? புதிய வீட்டில் சௌகரியங்களுக்கும் குறைவில்லை. ஆனால் பழைய வீட்டில் நாற்பது வருஷ காலம் விடியற்காலையில் எழுந்து துளசி மாடத்துக்கு ஜலம் விட்டு வந்த பாட்டிக்கு மட்டும், என்ன சௌகரியம் வந்தும் ஏதோ ஒன்று குறைகிறது.

அந்தக் குறையைத் தீர்க்க எண்ணி, மகனோ மருமகளோ ஒரு துளசித் தொட்டியை வாங்கி வந்து பால்கனியில் வைக்கிறார்கள். பத்து நாள் பசுமையாய் இருக்கிறது. பிறகு இலை சிறுத்துத் தண்டு நீள்கிறது. இரண்டு மாதத்தில் வெறுங் குச்சிதான் மிச்சம். இரண்டாவது தொட்டிக்கும் அதே கதி. மூன்றாவதும் வாடும்போது, பாட்டியின் மனத்தில் ஓர் எண்ணம் புகுந்துவிடுகிறது. "இந்த வீட்டில் ஏதோ தோஷம் இருக்கிறது" என்று நினைக்கிறாள். அல்லது, அதைவிடப் பரிதாபமாக, "என் கைராசி போய்விட்டது" என்று நினைத்துக்கொண்டு, தொட்டிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறாள்.

தோஷமும் இல்லை, கைராசியும் போகவில்லை என்பதைச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறோம். அந்தச் செடிக்கு வெயில் போதவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தை நேயர்கள் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஈரத் துணியில் பயிறு முளைக்க வைத்து, ஒரு கிண்ணத்தை ஜன்னலிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொல்வோம் அல்லவா? அலமாரிக்குள் இருந்ததுதான் அதிக உயரம் வளரும். பையன்கள் அதைக் கண்டு கைதட்டுவார்கள். ஆனால் அது வெளுத்துத் துவண்டு, வெளிச்சம் எங்கே என்று தேடிக்கொண்டு நீண்ட நீளமே தவிர, வளர்ச்சி அல்ல. பால்கனித் துளசியின் தண்டு நீள்வதும் இதே காரணத்தால்தான். எதிர்க் கட்டிடம் பத்தடி தள்ளி நிற்கிறது. மேல் மாடியின் தளம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கு வெளிச்சமாய்த் தோன்றும் இடம் துளசிக்கு அலமாரியாக இருக்கிறது.

ஆகையால், "அதிகம் கவனிக்காமலே வளரும் செடி எது?" என்று கேட்பவர்களிடம், "உங்கள் பால்கனி எந்தத் திக்கைப் பார்க்கிறது?" என்று நாம் திருப்பிக் கேட்பது வழக்கம். எல்லா இடத்திலும் எளிதாக வளரும் செடி என்று ஒன்று உலகத்தில் இல்லை. இடத்துக்குப் பொருந்திய செடி எளிதாக வளரும்; பொருந்தாத செடி ராஜ உபசாரம் செய்தாலும் வாடும்.

திக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். குளிர் தேசத்தார் எழுதிய தோட்டப் புத்தகங்கள் தெற்கு ஜன்னலைத்தான் சிறப்பித்துச் சொல்லும். அவர்களுக்கு வருஷம் முழுவதும் சூரியன் தென்புறம் சாய்ந்தே போகிறது. தாம்பரமோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகைக்குள் இருக்கிறது. இங்கே சித்திரை இரண்டாம் வாரம் முதல் ஆவணி பிறக்கும் வரையில், நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகச் செல்கிறது. அந்த மாதங்களில் வடக்குப் பால்கனிக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும். தெற்குப் பால்கனி நிழலில் இருக்கும். மார்கழியிலோ தெற்குப் பால்கனிக்குள் வெயில் உள்வரை வந்து படுத்துக்கொள்ளும். வடக்கே ஒரு கீற்றும் எட்டாது. சூரியனுக்கு அயனம் இருப்பதுபோல் செடித் தொட்டிக்கும் அயனம் உண்டு என்று வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை தொட்டிகளை இடம் மாற்றினால் பாதித் தொல்லை தீர்ந்துபோகும்.

இடத்தைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். காலை 11 மணிக்குத் தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாகத் தெளிவான நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அது இருட்டு மூலை. இனி, அந்தந்த இடத்துக்கு ஏற்ற செடிகளைப் பார்ப்போம்.

மேற்குப் பார்த்த பால்கனிதான் அக்கினி நட்சத்திரத்தின் கொடுமையை முழுவதும் அனுபவிக்கும் இடம். அங்கே மென்மையான செடிகளைக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டாம். காகிதப்பூ, பத்து மணிப் பூ, நித்திய கல்யாணி ஆகிய மூன்றும் அந்த வெயிலை விருந்தாக ஏற்றுக்கொள்ளும். நித்திய கல்யாணிக்கு நம்மில் சிலர் சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய்க்கான இரண்டு மருந்துகளைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தப் புற்றுநோய் கண்ட அநேகம் குழந்தைகள் அவற்றால் பிழைத்திருக்கிறார்கள். பெயருக்காக அதைத் தள்ளுவது நியாயமன்று. ஆனால் இலையைப் பறித்துத் தின்பது விஷம். வீட்டு வைத்தியத்துக்கு அது உதவாது.

கிழக்குப் பார்த்த பால்கனி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இளவெயிலில் கற்பூரவல்லியும் நந்தியாவட்டையும் செழிக்கும். வெற்றிலைக்கு அந்த வெயிலும் சற்று அதிகம். ஓரத்து நிழலில் ஒரு கயிறு கட்டிவிட்டால் கொடி தானே ஏறிக்கொள்ளும். நாலு மணி நேரமாவது வெயில் படுமானால் துளசிக்கும் இதுதான் இடம்.

வெயிலே படாத இடத்துக்கும், அறைக்குள் ஜன்னல் ஓரத்துக்கும் வேறு ஜாதிச் செடிகள் இருக்கின்றன. முதலாவது, பாம்புக் கற்றாழை என்று நர்ஸரிகளில் விற்பது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நம் தேசத்திலேயே ஒரு பங்காளி உண்டு. வறண்ட புதர்க்காடுகளில் தானாக வளரும் மருள்தான் அது. அதன் நாரைக் கொண்டு முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது இங்கிருந்த புதர்க்காட்டின் ஒரு பகுதியை இன்றும் அந்த வளாகத்தில் காணலாம். யாரும் தண்ணீர் ஊற்றாமல் கோடையைக் கடக்கும் செடிகள் எப்படியிருக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாம்புக் கற்றாழைக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

அடுத்தது மணி பிளாண்ட். அதை வைத்தால் பணம் சேரும் என்பதற்கு நாம் உத்தரவாதம் தர முடியாது. கொடி சேரும் என்பதற்குத் தரலாம். மூன்றாவதாக இஸட் இஸட் என்று விற்கும் பளபளப்பான செடியும், அக்லோனிமாவும். கடைசியில் சொன்ன இவையும் மணி பிளாண்டும் நம் சேம்பு, சேனைக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சரியாக வேகாத சேம்பு நாக்கை அரிப்பது யாவரும் அறிந்ததே. அதே ஊசிப் பொடிகள் இந்த இலைகளிலும் இருக்கின்றன. தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீடுகளில் இவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

செடியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அதைக் கொல்லாமலிருக்க வேண்டும். தொட்டிச் செடிகள் தாகத்தால் சாவதைக் காட்டிலும் அன்பால் சாவதே அதிகம். காலையில் பாட்டி ஒரு செம்பு, பள்ளிக்கூடம் போகுமுன் பேரன் ஒரு செம்பு, மாலையில் மருமகள் ஒரு செம்பு என்று ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? விரலை இரண்டாம் கணு வரையில் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால்தான் ஊற்ற வேண்டும். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருப்பது நலம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுதி. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது அதுதான். கடின நீரை மென்னீராக்கும் இயந்திரத்தின் நீரில் சோடியம் சேர்ந்திருப்பதால் அது செடிக்கு ஆகாது. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழிவாகத் தள்ளும் நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் அநேகர். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அன்றன்றைக்கே ஊற்றினால் உத்தமம். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கே லாரியை எதிர்பார்த்திருந்த நாட்களிலும் இந்த நீர் ஒவ்வொரு சமையலறையிலும் இருந்தது.

மழைக்காலத்தில் கவலை வேறு விதம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடியில் துளையில்லாத தொட்டி அப்போது தொட்டியாக இராது, குளமாகிவிடும். தொட்டியின் கீழ்த் தட்டில் தேங்கும் நீரிலும், மணி பிளாண்ட் வைத்த பாட்டில் நீரிலும் டெங்குக் கொசு முட்டையிட்டுப் பத்து நாளுக்குள் பறந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை தட்டைக் கவிழ்த்து, பாட்டில் நீரை மாற்றுவதை வீட்டுச் சட்டமாக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பது ஒருபோதும் கூடாது. 2016-ல் வர்தா புயல் பெருமரங்களையே வேரோடு சாய்த்தது. பூந்தொட்டி அதற்கு எம்மாத்திரம்? கீழே நடந்துபோவது அடுத்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். பாரத்தையும் யோசிக்க வேண்டும். நனைந்த மண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். மண்ணும் தென்னை நார்த்தூளும் மட்கிய எருவும் சமபாகமாகக் கலந்தால் பாரம் குறையும், ஈரமும் நிற்கும்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 1989-ல் அமெரிக்க விண்வெளி ஆய்வுக் கழகத்தார் மூடிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த பரிசோதனையே இந்தப் பேச்சுக்கு மூலம். 2019-ல் இரண்டு விஞ்ஞானிகள் இத்தகைய பரிசோதனைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்தார்கள். சாதாரணக் காற்றோட்டத்துக்குச் சமமாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள் தேவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதாவது நூறு சதுர அடி அறைக்குத் தொண்ணூறு தொட்டிக்கு மேல்! பிறகு மனிதர்கள் எங்கே படுப்பது? 1928-ல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் க்ஷயரோக ஆஸ்பத்திரி நிறுவியபோது நோயாளிகளுக்குத் திறந்த வெளிக் காற்றையே பெரிய மருந்தாகக் கருதினார். காற்று வேண்டுமென்றால் இன்றைக்கும் ஜன்னலைத் திறப்பதே வழி. செடியைச் செடிக்காகவே வளர்க்கலாம்.

இனித் துளசி விஷயம். வெயில் வரும் பால்கனி இல்லாதவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. கட்டிடச் சங்கத்தாரிடம் கேட்டு, மொட்டை மாடியிலோ வாசல் திறந்த வெளியிலோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாடம் வைக்கலாம். அதுவும் இயலாவிட்டால் இரண்டு தொட்டிகள் வைத்துக்கொண்டு, ஒன்று மாடியில் வெயில் காயும்போது மற்றொன்று வீட்டில் இருக்கும்படி வாரம் ஒரு முறை மாற்றலாம். கதிர் விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும். அப்படியும் இரண்டு மூன்று வருஷத்தில் துளசி முதிர்ந்து கட்டையாவது அதன் சுபாவம். பழைய வீட்டு மாடத்திலும் அப்படித்தான் ஆயிற்று. பக்கத்தில் விழுந்த விதையிலிருந்து புதுச் செடி தானே வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அந்த விதையை நாம் கையால் எடுத்துத் தூவ வேண்டியிருக்கிறது.

பாட்டியிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து அவள் கையில் கொடுங்கள். மண்ணில் செருகினால் பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும். அடுத்த மாதமே எதிர் வீட்டுக் குழந்தைக்குச் சளி என்று யாராவது கதவைத் தட்டி இரண்டு இலை கேட்பார்கள். அப்போது அவள் இலையோடு ஒரு கிளையையும் சேர்த்துக் கொடுத்து, எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்துவாள். கைராசி எங்கும் போய்விடவில்லை என்று அவளுக்கு நாம் வேறு சொல்ல வேண்டிய அவசியம் இராது.