கழித்தற் கணக்கும் கணக்கப்பிள்ளையும்

சென்ற மாதம் கண்டியிலுள்ள என் அலுவலகத்துக்குத் தோட்டத் தொழிலாளியான ஒரு தாய் தம் ஏழு வயது மகளுடன் வந்தார். கழித்தற் கணக்கில் பிழைவிட்ட அச்சிறுமியை வகுப்பின் முன் நிறுத்தி, "கொழுந்து பறிக்கப் போகிறவளுக்குக் கணக்கு எதற்கு? கணக்கப்பிள்ளை பார்த்துக்கொள்வார்" என்று ஆசிரியர் நகைத்தாராம். வகுப்பே சிரித்ததாம். அன்று தொட்டு, விடிந்தால் பிள்ளைக்கு வயிற்றுவலி.

"ஆசிரியர் சிங்களவரோ?" என்று கேட்டேன். கேட்டதற்காக இன்றும் நாணுகிறேன். "இல்லைங்க ஐயா, நம்ம ஆளுதான்" என்றார் அத்தாய்.

கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கும் ஈரத்துக்குமென எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பதை அறிய, கழித்தற் கணக்கு வேறெவரையும்விட அக்குடும்பத்துக்கே முதலில் வேண்டும்! 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இம்மலைகளில் உழைத்த மக்கள் இவர்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இத்துணை காலம் சட்டம் சொன்னதைத்தான் அவ்வாசிரியர் வேடிக்கையாகச் சொன்னார். கொழும்பில் நமக்குச் சமத்துவம் கேட்டுக்கொண்டு, வகுப்பறையில் நம் பிள்ளையையே "தோட்டக்காட்டான்" என்பது எந்த நியாயம்?

குருவை எதிர்த்துப் பேசலாமா என்பார் உளர். நம் முன்னோர் மாதா பிதாவுக்குப் பின்னரே குருவை வைத்தனர். ஆயினும் பாடசாலை வாயிலில் நின்று கூச்சலிடுவதை நான் ஒப்பேன்; அதன் பலனை மறுநாள் பிள்ளையே அனுபவிக்கும்.

சொன்ன சொல்லைச் சொன்னபடியே, தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். முதலில் ஆசிரியரைத் தனியே கண்டு பேசுக. நாவடக்கம் இழந்ததை உணர்ந்து திருந்துவோரும் உண்டு. பயனில்லையேல் அதிபருக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியைக் கைவசம் வைத்துக்கொள்க. அப்பால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இழிவான நடத்துகையைத் தடுக்கிறது. மாணவனொருவனை அறைந்த ஆசிரியர் அவ்வுறுப்புரையை மீறினாரென உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. ஒவ்வோர் ஏளனச் சொல்லும் அவ்வளவு தூரம் செல்லுமென்று நான் கூறவில்லை. செல்லவேண்டிய வழக்காயின், மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

"கடுதாசி குடுத்தா புள்ளைய இன்னும் வதைப்பாங்களோ ஐயா?" என்று கேட்டார் அத்தாய். வீண் பயமென்று என்னால் சொல்ல இயலவில்லை. அதே வகுப்பில் பிள்ளைகளை விட்டிருக்கும் வேறு பெற்றோர் இருவரை அழைத்துவரச் சொன்னேன்.

மறுவாரம் ஐவர் வந்தனர். கடிதத்தை அத்தாய் சொல்லச் சொல்ல எழுதினோம். கையொப்பம் இட்டவர் அவரே.